நான் சொல்லாத ஏழெழுத்து

காலையில் காப்பி ஆறுவதற்குள் நம் பழைய வகுப்புத் தோழிகளின் வாட்ஸாப் குழுவில் நட்சத்திரங்களும் கைதட்டும் பொம்மைகளும் வந்து குவிந்துவிடுகின்றன. அன்றாடச் சொல் விளையாட்டு. ஏழெழுத்து கொடுப்பார்களாம், அந்த ஏழுக்குள் எத்தனை சொல் எடுக்க முடியுமோ எடுக்க வேண்டுமாம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருத்தி, வலி மாத்திரை போட்டுக்கொண்ட கையோடு அன்றைய கணக்கை அனுப்பியிருந்தாள். பள்ளியில் தமிழ்ப் பரீட்சை நடக்கும்போது என் விடைத்தாளை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டவர்கள் எல்லாம் இன்று புலவர்களாகிவிட்டீர்கள். சந்தோஷம்.

போன வாரம் ஒருத்தி குழுவிலேயே கேட்டாள், உனக்குத்தானே நம்மில் தமிழ் நன்றாக வரும், நீ மட்டும் ஏன் இதைத் தொடுவதே இல்லை என்று. கண் சரியில்லை என்று பதில் போட்டேன். பொய். கண் நன்றாகத்தான் இருக்கிறது. நிஜமான பதில் கொஞ்சம் நீளம். சுண்டைக்காய் சமாசாரம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். தோன்றிவிட்டுப் போகட்டும், எனக்கு அது சுண்டைக்காய் இல்லை.

நாம் ஏழாம் வகுப்பு முடித்த கோடை அது. திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழ், பெயர் வேண்டாம், விடுமுறைப் பிள்ளைகளுக்கென்று தினம் ஒரு புதிர் போட ஆரம்பித்தது. ஏழு கட்டம், ஏழு எழுத்து. கொடுத்த எழுத்தைக் கொடுத்தபடிதான் பயன்படுத்த வேண்டும். ஒரு சொல்லுக்குள் ஒரு எழுத்து ஒரு தடவைதான் வரலாம். எடுத்த சொற்களை ஒரு தபால் கார்டில் எழுதி அன்றைக்கே போட்டுவிட வேண்டும். வந்த கார்டுகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, அனுப்பிய பிள்ளையின் பெயரையும் தெருவையும் ஊரையும் சில நாள் கழித்து அச்சிடுவார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர்தான். இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இன்று மருந்துக் கடை ரசீதில்கூட நம் பெயர் அச்சாகி வருகிறது, கசக்கிப் போடுகிறோம். அன்று என் பெயரை நான் பார்த்ததெல்லாம் டீச்சரின் வருகைப் பதிவேட்டிலும் என் நோட்டு அட்டையிலும்தான், இரண்டும் கையெழுத்து. அச்சில் பார்த்துவிட்டால் நான் இருக்கிறேன் என்பது உறுதியாகிவிடும் என்பதுபோல ஒரு வெறி எனக்கு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஏன் அந்த உறுதி தேவைப்பட்டது என்று கேட்டால், எங்கள் வீட்டில் யாருக்காவது பெருமை சேர்ந்தால் அது அண்ணாவுக்குச் சேரும், தேய்க்கப் பாத்திரம் சேர்ந்தால் அது எனக்குச் சேரும். அதனால்தான்.

அந்த வெறியை ஊதி வளர்த்தவர் அப்பா. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமில்லாதவள் ஆகிவிடுவேன். அப்பாவுக்கு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலையில் பேப்பர்க்காரர் ஸ்ரீரங்கத்துக்கு வந்து எங்கள் சித்திரை வீதிக்குள் பேப்பரை வீசியதும், தலைப்புச் செய்தியைக்கூடப் பார்க்காமல் நேரே புதிர்ப் பக்கத்தைத்தான் பிரிப்பார். தினசரிக் காலண்டரில் கிழித்த பழைய தாள்களின் பின்பக்கத்தில், ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான அவருடைய ஆபீஸ் பென்சிலால் ஏழெழுத்தையும் பெரிது பெரிதாக எழுதிச் சதுரமாக வெட்டித் தருவார். கூடத்துத் தரையில் நான் அவற்றைப் பரப்பி, நகர்த்தி, சேர்த்து, பிரித்துப் பார்ப்பேன். காகிதம் பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி நீல எழுத்தெல்லாம் கரையும். அண்ணா புழுக்கம் தாங்காமல், நீங்கள் ரெண்டு பேரும் தமிழ் வளர்க்க நான் வேக வேண்டுமா என்று கத்திவிட்டுத் தெருவுக்குக் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான்.

ஒரு நாள் வந்த எழுத்துகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. க, ட, ம், ப, ர, லை, கு. அப்பா படம், கரம், கலை என்று மூன்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த அண்ணா பசி வேகத்தில் கடலை என்றான். அந்தக் கோடை முழுவதும் அவன் கொடுத்த ஒரே சொல் அதுதான். நான் கடம், ரகம், படகு என்று அடுக்கிவிட்டு, கடைசியில் படலை என்றேன். அப்படி ஒரு சொல் உண்டா என்று அப்பாவுக்குச் சந்தேகம். தோட்டத்து வாசலில் கட்டி வைக்கும் தட்டி என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். அந்தக் கையின் கனம் எனக்கு எந்தப் பரிசையும்விடப் பிடித்திருந்தது.

கார்டில் நானே எழுதுவேன். கீழே என் பெயர், இன்னாரின் குமாரத்தி, தெரு, ஊர். அப்பா அதைச் சட்டைப் பையில் மடங்காமல் செருகிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் போய், ஜங்ஷன் தபால் பெட்டியில் போடுவார். சாயங்காலம் வந்ததும் வராததுமாக, போட்டாச்சா என்று கேட்பேன். போட்டாச்சு என்பார். இது தினமும் நடந்த ஒரு சடங்கு.

பெயர் மட்டும் வரவில்லை. கரூர்ப் பிள்ளை பெயர் வந்தது, புதுக்கோட்டைப் பிள்ளை பெயர் வந்தது. ஒரு நாள் நம் வகுப்புத் தென்னூர்க்காரியின் பெயரே வந்துவிட்டது. அவள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள், படித்துக்கொண்டுதான் இருப்பாள். அன்று நான் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன், உன் மேல் வயிற்றெரிச்சலில் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். உன் அப்பா அந்தத் துண்டை வெட்டி மாதா படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் செருகி, வீட்டுக்கு வந்த சாமியாருக்கெல்லாம் காட்டினாராம். பள்ளி திறந்த பிறகு நீயே சொன்னாய்.

புதிர் முடியப் போகும் வாரத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. கடைசிப் புதிரில் ஏழெழுத்தும் சேர்ந்து ஒரே சொல் ஆகும். அதைக் கண்டுபிடித்து, கூடவே மற்ற சொற்களையும் அதிகமாக எடுக்கும் பிள்ளைக்கு முதல் பரிசு. அதுவரை பெயர் வந்த பிள்ளைகளோடு சேர்த்து மேடைக்குக் கூப்பிட்டு, போட்டோ எடுத்து, பேப்பரில் போடுவார்கள். அப்பா அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். நாமதான், வேற யாரு என்றார்.

அந்தக் கடைசிப் புதிருக்கு முந்தின நாள் நான் பெரியவளானேன்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீடுகளில் எப்படியோ, எங்கள் வீட்டில் சட்டம் கடுமை. கொல்லைப்பக்கத்துச் சின்ன அறையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. அம்மா என்னைப் பார்த்து அழுதாள், பிறகு எட்டி நின்று சாதம் போட்டாள். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் வரை யாரையும் தொடக் கூடாது. ஊறிக்கொண்டிருக்கும் மாவடு ஜாடிப் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது, கெட்டுப்போகும். புத்தகம், காகிதம், பென்சில் எல்லாம் சரஸ்வதி, தொடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருமாள் பெயரைச் சொல்லக் கூடாது, பாசுரம் சொல்லக் கூடாது, ஸ்லோகம் சொல்லக் கூடாது. வாய்க்கும் தீட்டு.

எனக்கு என்ன நடந்தது என்பதைவிட, நாளைக்குப் புதிரை எப்படிப் போடுவது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை, பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

அப்பா கைவிடவில்லை. அன்று காலை அவர் பேப்பரோடு இரண்டாங்கட்டு வாசற்படி வரைக்கும் வந்து நின்றார். அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே அபூர்வம். நான் வாசிக்கறேன், மனசுலயே போட்டுப் பாரு, கார்டை நான் எழுதறேன் என்றார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். க. ம். ரு. வ. ங். தி. ர.

மனசில் ஏழெழுத்து நிற்கவில்லை. சொம்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்துச் சிமெண்டுத் தரையில் எழுதினேன். சித்திரை வெயிலில் தரை கொதித்துக்கொண்டிருந்தது. ஏழாவது எழுத்தை எழுதுவதற்குள் முதல் எழுத்து உலர்ந்துவிடும். திரும்ப எழுதுவேன். அது இருக்கும்போது நடுவில் ஒன்று போய்விடும். அப்படியே ஈரத்தைத் துரத்திக்கொண்டு சொற்களைச் சொன்னேன். திரு, கரு, வரம், கரம், ரகம், கதி, ரதி. வங்கம் என்றேன், அது மாநிலத்தின் பெயர் ஆயிற்றே, சேர்ப்பார்களா என்று அப்பா கேட்டார். கப்பலுக்கும் அதுதான் பேர், பாடத்தில் இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டார். மணி பார்த்தார். ஒன்றாம் நம்பர் போய்விடும் என்று முணுமுணுத்தார்.

அப்போது எனக்குக் கிடைத்துவிட்டது. ஏழெழுத்தும் தாமாகவே வரிசையில் போய் உட்கார்ந்ததுபோல. கத்தத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அது பெருமாளோடு சேர்ந்த பெயர். பாசுரத்துக்குப் பாசுரம் வருகிற பெயர். அந்த நாலு நாளும் என் வாயில் வரக் கூடாத பெயர்.

"அப்பா, எனக்குத் தெரிஞ்சுடுத்து. ஆனா இப்போ நான் சொல்லப்படாது" என்றேன்.

என்னடி அது சொல்லப்படாத வார்த்தை என்று அவர் திகைத்தார்.

"நாம இருக்கற ஊருப்பா. பாசுரத்துல வராப்பல."

அப்பா ஒரு நிமிஷம் பேப்பரையே பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, "திருவரங்கம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு. எட்டி நின்றுகொண்டு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து அம்மா என்னவோ என்று ஓடி வந்தாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கெட்டிக்காரியாகவும் அவ்வளவு நல்ல பெண்ணாகவும் ஒரே நேரத்தில் இருந்ததில்லை. சொல்லையும் கண்டுபிடித்தேன், சட்டத்தையும் மீறவில்லை.

அப்பா கூடத்துக்குப் போய்க் கார்டு எழுதும்போது அம்மாவின் குரல் தணிந்து ஒலித்தது எனக்குக் கேட்டது. வார்த்தைகள் விளங்கவில்லை. அப்பாவின் குரல் கேட்கவே இல்லை. அவர் செருப்புச் சத்தம் மட்டும் வாசல் தாண்டிப் போனது.

சாயங்காலம் அவர் வந்ததும் உள்ளிருந்தபடியே கேட்டேன், கார்டு போட்டாச்சா என்று. போட்டாச்சு என்றார். எனக்கு என்னவோ தோன்றி, அதுவரை ஒரு நாளும் கேட்காத கேள்வியையும் கேட்டேன்.

"என் பேரு எழுதினேளாப்பா?"

"எழுதாம இருப்பேனா" என்றார் அப்பா.

இதை இன்னொரு தடவை படியுங்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதிர்க் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். கணக்கு அலுவலகத்தில் பழகினவர் இல்லையா. நான் அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் தலைக்கு ஊற்றினார்கள். பக்கத்து வீட்டு மாமிகள் வந்து பாட்டுப் பாடினார்கள், பாவாடைக்கு மேல் தாவணி சுற்றிவிட்டார்கள், புட்டு கிண்டிக் கொடுத்தார்கள். இனிமேல் வாசலில் நின்று பேப்பர்க்காரரிடம் பேப்பர் வாங்கக் கூடாது என்று அம்மா சொன்னாள். ஆனால் அந்த ஒரு நாள், முடிவு வருகிற நாள், நான் அவளுக்கு முன்னால் எழுந்து போய் ரேழிக் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். பேப்பர் விழுந்ததும் எடுத்துப் பிரித்தேன்.

முதல் பரிசு. ஸ்ரீரங்கம். எங்கள் தெரு. அண்ணாவின் பெயர்.

முதலில் எனக்குக் கோபமே வரவில்லை. தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பா, பாருங்கோளேன், மாத்திப் போட்டுட்டா என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடினேன். அப்பா காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குச் சொல்லியது. யாரும் மாற்றிப் போடவில்லை.

அம்மாதான் பேசினாள். அவள் எதையும் மறைக்கவில்லை, அவளைப் பற்றி அதைச் சொல்ல வேண்டும். பெரியவளான பெண்ணின் பெயரும் தெருவும் ஊரறியப் பேப்பரில் வந்தால் கண்டவன் வாசலில் வந்து நிற்பான் என்றாள். அதோடு, பெருமாள் ஊர்ப் பெயர் எழுதின கார்டில் தீட்டோடு உட்கார்ந்திருக்கிறவள் பெயரை எப்படிச் சேர்த்து எழுதுவது, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்றாள். நான்தானே கண்டுபிடித்தேன் என்று கத்தினேன்.

"நீ எங்கடி சொன்னே? அந்த வார்த்தை உன் வாயால வந்ததா? அப்பாதானே சொன்னார்" என்றாள் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். இந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். வேறு யாருக்கும் தெரியாது, அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் ஏன் சொல்லவில்லை, யாருடைய சட்டத்துக்காகச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"யார் பேர்ல வந்தா என்ன கொழந்தே, நம்மாத்துக்குத்தானே வந்திருக்கு" என்றார்.

நான் அம்மாவிடம் எப்போதும் எதையும் எதிர்பார்த்ததில்லை. அவள் பயந்தாள், பயந்ததைச் சொன்னாள். இத்தனை வயதுக்குப் பிறகு அவளை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தன் பதினைந்து வயதில் முகம் தெரியாத வீட்டுக்கு அனுப்பப்பட்டவள், உலகம் முழுக்கக் கண்டவன் நிற்கிறான் என்று நம்பியதில் ஆச்சரியம் இல்லை. அப்பா எதையும் நம்பவில்லை. தீட்டும் கீட்டும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆபீஸ் கேண்டீனில் எல்லாமும் சாப்பிடுவார் என்பது எனக்கும் தெரியும். என் பக்கம்தான் நியாயம் என்பது தெரிந்தும், காலை வேளையில் வீட்டில் ஒரு சண்டை வேண்டாம் என்பதற்காக என்னை விட்டுக்கொடுத்துவிட்டார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. யாரும் பெரிதாகக் கெஞ்சவும் இல்லை.

பரிசு கொடுத்தது தென்னூரில் ஒரு மண்டபத்தில். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் தனியாக விடக் கூடாதாம். ஒன்றாம் நம்பர் பஸ் காவேரிப் பாலத்தில் போகும்போது ஆற்றில் மணல்தான் இருந்தது, ஓரமாக ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக மொண்டுகொண்டிருந்தார்கள். அண்ணா புதுச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே வந்தான். அவன் முகமும் நன்றாக இல்லை. என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே வந்தான்.

மண்டப வாசலில் தென்னூர்க்காரி என்னைப் பார்த்துவிட்டாள். ரோஜாப்பூ நிறத்தில் கவுன், தலையில் ரிப்பன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வந்திருக்கியா? எந்த நாளு கார்டுடி உன்னுது?"

அப்பா எனக்கு ஒரு எட்டு முன்னால்தான் நின்றார். அவர் காதில் விழுந்தது. முதுகு கொஞ்சம் விறைத்ததை நான் பார்த்தேன். திரும்பவில்லை.

"என்னுது இல்ல. எங்கண்ணாவுக்கு" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டு, அப்படியா என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் ஓடினாள். உனக்கு இது நினைவே இருக்காது. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கோடையில் நடந்த எல்லாவற்றிலும், அந்த ஒரு வாக்கியத்தை என் வாயாலேயே சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மேடையில் பத்திரிகை ஆசிரியர் நல்ல வெண்மையான வேட்டியில் இருந்தார். கடைசிப் புதிரின் விடையைக் கண்டுபிடிக்கக் கரூரிலிருந்தும் பச்சைமலை அடிவாரத்திலிருந்தும்கூட முயன்றிருக்கிறார்கள், பக்கத்தில் காவேரிக்கு அக்கரையில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். பிறகு அண்ணாவை முன்னால் நிறுத்தி, இந்தச் சொல் உனக்கு எப்படித் தம்பி பிடிபட்டது என்று கேட்டார்.

அண்ணா அப்பாவைப் பார்த்தான். முதல் வரிசையில் இருந்த அப்பாவின் உதடு அசைந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலி, அதனால் நன்றாகவே தெரிந்தது. அண்ணா அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான், சின்ன வயசிலிருந்து பாசுரம் சொல்லி வளர்ந்தோம், அதனால் தெரிந்தது என்று. மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அப்பாவும் தட்டினார். கையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, கண் கலங்கத் தட்டினார்.

பரிசு ஒரு பெரிய அகராதி. முதல் பக்கத்தில் ஆசிரியரே அண்ணாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணா அதை என் மடியில் வைத்தான். எனக்கு வேண்டாம், நீயே வெச்சுக்கோ என்றான். நான் தொடவில்லை. அது நழுவிக் கீழே விழுந்தது, கண்டக்டர் எடுத்துக் கொடுத்தார். பிறகு பல வருஷம் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்து, வீட்டை விற்றபோது பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது.

அண்ணா கெட்டவன் இல்லை. அந்த வருஷம் முழுக்க என் கண்ணைப் பார்க்காமல்தான் பேசினான். ஆனால் காலேஜ் போன பிறகு யாரோ கேட்டார்கள் என்று கதையைச் சொன்னான். பிறகு வேலைக்கான நேர்காணலில் சொன்னான். கல்யாணமான பிறகு மனைவியிடம் சொன்னான். சொல்லச் சொல்ல அதில் என்னுடைய இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. போன வருஷம் அவனுடைய எழுபதாவது வயதுப் பீமரத சாந்தியில் அவன் பிள்ளை மைக்கைப் பிடித்து, எங்கப்பா பள்ளியில் படிக்கும்போதே பெருமாள் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்து மேடையேறியவர் என்று பேசினான். அண்ணா மாலையும் கழுத்துமாக அடக்கத்தோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் கண்ணையே பார்த்தேன். என்னைத் தேடும், ஒரு நொடியாவது தேடும் என்று பார்த்தேன். தேடவில்லை. அவன் நிஜமாகவே மறந்துவிட்டான். பந்தியில் உட்காராமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன், சர்க்கரை குறைந்துவிட்டது என்று போனில் சொன்னேன்.

ஆனால் அப்பா மறக்கவில்லை. அதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

அடுத்த கோடையில் அந்தப் பேப்பர் புதிர் போடவில்லை. போட்டிருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். அப்பா ஓரிரு தடவை வேறு ஏதோ பத்திரிகையின் புதிரை வெட்டி என் மேஜைமேல் வைத்தார். வைத்த இடத்திலேயே கிடந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு அந்த வீட்டில் வளர்ந்தேன். அவர் அதைப் பெண் குழந்தை பெரியவளானால் வருகிற அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மேலே படிக்கிறேன் என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சம்மதிக்கவில்லை. அப்பா என் பக்கம் ஒரு வார்த்தை பேசுவார் என்று அப்போதும் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் பாருங்கள், பட்டும் புத்தி வராத ஜன்மம் நான்.

ஒரு சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல், மெயின்கார்டு கேட் பக்கத்து அச்சகத்துக்குப் போய்விட்டு வந்தார். காலைக்கூடக் கழுவவில்லை. என்னைக் கூப்பிட்டார். பையிலிருந்து மஞ்சள் தாள் ஒன்றை, மடங்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்ததை, எடுத்து என் கையில் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையின், பிழை பார்க்க அடித்த முதல் படி. மை ஈரம் இன்னும் காயவில்லை. மேலே பெருமாள் பெயர், அதற்குக் கீழே அப்பாவின் பெயர், பெரிய எழுத்தில் மாப்பிள்ளையின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர். நடுவில் ஓரிடத்தில் சௌபாக்கியவதி என்று போட்டுப் பக்கத்தில் நான்.

"அன்னிக்குப் பேப்பர்ல உன் பேரு வரலேன்னு சாப்பிடாமக் கெடந்தியே, ஞாபகமிருக்கா?" என்றார் அப்பா. "எனக்கு மறக்கவே இல்லடி. பாரு, வந்துடுத்து. எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு."

அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி கொஞ்சம்கூட இல்லை. இத்தனை வருஷமாகச் செய்ய நினைத்திருந்த ஒரு காரியத்தைச் செய்து முடித்த நிறைவுதான் இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று அவர் நிஜமாகவே ஆசைப்பட்டார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிய வேண்டும்போல இருந்தது.

"நன்னா இருக்குப்பா" என்றேன்.

சரியாகப் படித்துப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். தாளை வாங்கி, திரும்ப அட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். காப்பி குடித்துவிட்டுப் போங்கோ என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள். அச்சகத்தை மூடிவிடுவார்கள், தப்பு ஒன்றும் இல்லை, அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, அப்பா மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.